நியூரம்பெர்க்கில் தங்கி மூன்று பழைய நகரங்கள்: 20 மாணவர்களுக்கான நான்கு நாள் பயண வழிகாட்டி

ஜெர்மனியின் மியூனிக்கில் அல்லது அதைச் சுற்றிப் படிக்கும் 20 மாணவர்கள், வியாழன் கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவது என்று வைத்துக்கொண்டு எழுதியது இது. தங்குவது ஒரே இடத்தில், நியூரம்பெர்க்கில். அங்கிருந்து ரோதன்புர்க்குக்கும் பாம்பெர்க்குக்கும் காலையில் போய் மாலையில் திரும்பலாம். தினம் ஓர் ஊரில் அறை மாற்றினால், இருபது பேரின் பெட்டியைத் தூக்கி இறக்குவதிலேயே அரை நாள் போய்விடும்.

புதிதாக ஏற்பாடு செய்பவர்கள் முதலில் ஊர்ப் பட்டியல் போடுகிறார்கள், பிறகு அறை தேடுகிறார்கள், கடைசியில்தான் டிக்கெட் விதியைப் படிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிச் சிக்கல் வராது.

1. தலைக்கணக்கு

முதலில் ஓர் அட்டவணை போடுங்கள். அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, குடியுரிமை, மாணவர் அட்டை செல்லும் தேதி, சைவமா அசைவமா, டாய்ச்லாண்ட் டிக்கெட் (பிராந்திய ரயில்களுக்கான மாதச் சீட்டு) இருக்கிறதா என்று ஆறு பத்திகள் போதும்.

கடைசிப் பத்திதான் செலவைத் தீர்மானிக்கும். பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் டிக்கெட்டே நாடு முழுக்கச் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டாக இருக்கிறது. இருபதில் பன்னிரண்டு பேரிடம் அது இருந்தால், மீதி எட்டுப் பேருக்குத்தான் ரயில் செலவு. இதைக் கேட்காமல் இருபது பேருக்கும் குழு டிக்கெட் வாங்கிவிட்டு, ரயிலில் ஏறிய பிறகு "எங்கிட்ட ஏற்கெனவே இருக்கே" என்று நாலு பேர் சொல்வது எல்லாக் குழுவிலும் நடக்கிறது.

பெயர் கொடுப்பது வேறு, வருவது வேறு. முன்பணம் கட்டியவரை மட்டும் எண்ணுங்கள். தங்குமிடத்தில் ரத்துக் கட்டணம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறதோ, அதற்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் கடைசித் தேதி இருக்கட்டும்.

2. கிழமையும் மாதமும்

வியாழன் முதல் ஞாயிறு வரை என்பதற்குக் காரணம் உண்டு. ஜெர்மன் அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவற்றுக்குத் திங்கள் விடுமுறை. நாஜித் தலைவர்கள்மீது நியூரம்பெர்க் விசாரணை நடந்த நீதிமன்ற அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஞாயிறன்று அருங்காட்சியகம் திறந்திருக்கும், ஆனால் கடைகள் பூட்டியிருக்கும். ஆக, நகரத்துக்குள் பார்க்க வேண்டியதை வியாழன், வெள்ளியிலும், வெளியூரைச் சனி, ஞாயிறிலும் வைப்பதே பொருந்துகிறது. புதனன்றே வந்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் புதன் மாலை அனுமதி இலவசம். கொலம்பஸ் திரும்பி வருவதற்கு முன்பே செய்யப்பட்ட, அமெரிக்கா இல்லாத பெஹைம் பூகோள உருண்டை அங்கேதான் இருக்கிறது.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்காகப் போக ஆசை வரும். ஆனால் அறை விலை ஏறிவிடும், மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஜனவரி இறுதியில் நியூரம்பெர்க்கில் பொம்மை வர்த்தகக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் ஊருக்குள் படுக்கை கிடைப்பதே கடினம்.

பவேரியாவின் பொது விடுமுறைகள் மற்ற மாநிலங்களைவிட அதிகம். மே, ஜூனில் வியாழக்கிழமையாகவே வரும் விடுமுறைகளும் உண்டு. நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள்.

மாதக் கடைசியையும் தவிருங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் நாட்காட்டி மாதத்துக்குத்தான் செல்லும். 30ஆம் தேதி கிளம்பி 3ஆம் தேதி திரும்பினால் இரண்டு மாத டிக்கெட் தேவைப்படும். 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 63 யூரோ என்பதால் இது சின்ன விஷயமல்ல.

3. டிக்கெட்: இந்த வரிசையில் யோசியுங்கள்

டாய்ச்லாண்ட் டிக்கெட் உள்ளவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கைபேசியில் சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட் இல்லாத கணக்கு, அபராதம் 60 யூரோ. பவர் பேங்கும் புகைப்பட அடையாள அட்டையும் கட்டாயம்.

மீதிப் பேருக்கு மியூனிக்–நியூரம்பெர்க் போகவும் வரவும், பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் சீட்டான பையர்ன் டிக்கெட். ஒரு டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம். முதல் ஆளுக்கு ஒரு விலை, அடுத்தடுத்த ஆளுக்குச் சிறிய கூடுதல் தொகை. அதனால் ஐந்து பேராக நிரப்பினால்தான் தலைக்குக் குறைவாக விழும். எட்டுப் பேர் என்றால் ஐந்தும் மூன்றுமாக வாங்குங்கள். நாலும் நாலும் என்று பிரித்தாலும் தொகை அதேதான், ஆனால் பின்னால் ஒருவர் சேர்ந்தால் எந்தச் சீட்டில் சேர்ப்பது என்று குழப்பம் வரும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள்:

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்கு முன் இந்த டிக்கெட் செல்லாது. 8.50க்குப் புறப்படும் ரயிலில் ஏறி "பத்து நிமிஷம்தானே" என்றால் பரிசோதகர் ஒத்துக்கொள்ள மாட்டார். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே செல்லும். எல்லா நாளும் மறுநாள் அதிகாலை 3 மணிவரை பயன்படுத்தலாம்.

ஐசிஇ, ஐசி, இசி என்ற தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது. பிராந்திய ரயில்கள், எஸ்-பான் என்ற புறநகர் ரயில், உள்ளூர்ப் போக்குவரத்து மட்டும். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்குப் பொருந்தும் ரயில்களை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. தேடுவதற்கு முன்பே அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் போகும் ஐசிஇ மேலே வந்து கண்ணை இழுக்கும்.

இயந்திரத்தில் வாங்கினால் பயணிகளின் பெயரைப் பேனாவால் எழுத வேண்டும். ரயில் நகர்வதற்கு முன்பே எழுதிவிடுங்கள். எழுதிய பிறகு ஆள் மாற்றக் கூடாது.

இந்த டிக்கெட்டுக்கு இருக்கை முன்பதிவு கிடையாது. நாள் நெருங்க நெருங்க விலை ஏறுவதும் இல்லை. அதனால் மூன்று வாரம் முன்பே வாங்கிவைக்க வேண்டாம். முந்தைய நாள் இரவு தலை எண்ணிக்கை உறுதியானபின் வாங்கினால் போதும்.

சனிக்கிழமைக்கு இன்னொரு வழியும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. ரோதன்புர்க்கும் பாம்பெர்க்கும் நியூரம்பெர்க் வட்டாரப் போக்குவரத்துக் கூட்டமைப்பான வி.ஜி.என் எல்லைக்குள் வருகின்றன. அதன் டாகஸ்டிக்கெட் பிளஸ் என்ற ஒருநாள் சீட்டில் பெரியவர் இருவர் போகலாம். சனிக்கிழமை வாங்கினால் ஞாயிறும் செல்லும். எட்டுப் பேருக்கு நாலு சீட்டு. ஞாயிறன்று மியூனிக் திரும்பப் பையர்ன் டிக்கெட் எப்படியும் வேண்டும், அதிலேயே பாம்பெர்க்கும் அடங்கிவிடும். அப்படியிருந்தும், சனிக்கு எது மலிவு என்று இரண்டு விலையையும் தலைக்கு வகுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எர்லாங்கனிலோ நியூரம்பெர்க்கிலோ படிப்பவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், வி.ஜி.என் சீட்டுதான்.

4. படுக்கை

நியூரம்பெர்க் இளைஞர் விடுதி கோட்டையை ஒட்டிய கைசர்ஸ்டாலுங் கட்டடத்தில் இருக்கிறது. 1490களில் தானியக் கிடங்காகக் கட்டியது. கட்டடக் கலைஞர் ஹான்ஸ் பெஹைம் கட்டினார், பிறகு குதிரை லாயமாகவும் இருந்தது. பழைய நகரம் பார்க்க வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கூரை கிடைக்காது.

இளைஞர் விடுதிச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால்தான் அறை தருவார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சேர்வதற்கு முன், உங்கள் மாணவர் அமைப்பின் பெயரில் குழு உறுப்பினர் அட்டை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இருபது பேருக்கான படுக்கையை இணையப் படிவத்தில் போடாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுதும்போது ஆண், பெண் எண்ணிக்கை, வரும் நேரம், சைவ எண்ணிக்கை மூன்றையும் முதல் அஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள்.

மேல்விரிப்பு, தலையணை உறை கிடைக்கும். துண்டு உங்களுடையது.

ஹாப்ட்பான்ஹோஃபிலிருந்து, அதாவது முக்கிய ரயில் நிலையத்திலிருந்து, விடுதிக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடைசிப் பகுதி கருங்கல் பாவிய ஏற்றம். சக்கரப் பெட்டியை அந்தக் கல்லில் இழுத்தால் சத்தம் தெருவையே எழுப்பும், சக்கரமும் தாங்காது. முதுகுப்பை கொண்டுவரச் சொல்லுங்கள்.

5. கிளம்புமுன் கையில்

பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் அசலாக. விடுதியில் வெளிநாட்டவருக்குப் பதிவுப் படிவம் உண்டு. முதலில் போட்ட அட்டவணையின் ஒரு பிரதியை அச்செடுத்து வைத்திருந்தால் வரவேற்பு மேசையில் அரை மணி நேரம் மிச்சம்.

மாணவர் அட்டையில் காலாவதித் தேதி தெளிவாகத் தெரிய வேண்டும். மருத்துவக் காப்பீட்டு அட்டை. ஆளுக்கு 60, 70 யூரோ ரொக்கம். சின்ன ஊர்களில் அட்டை வாங்காத உணவகங்களும், ஜெர்மன் வங்கி அட்டையை மட்டும் ஏற்கும் உணவகங்களும் இன்றும் இருக்கின்றன. கழிப்பறைக்குச் சில்லறை தனியாக. தேய்ந்த அடிப்பாகம் உள்ள காலணி வேண்டாம், மழையில் அந்தக் கற்கள் எண்ணெய் தடவியது போலிருக்கும்.

இருபது பேரை ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பையர்ன் டிக்கெட் குழுவும் இந்தக் குழுவும் ஒன்றாகவே இருக்கட்டும். டிக்கெட் ஒரு பெட்டியிலும் ஆள் இன்னொரு பெட்டியிலும் இருப்பதுதான் பரிசோதனையில் மாட்டிக்கொள்ளும் வழக்கமான காரணம். நடைமேடையில் இருபதையும் ஒருவர் எண்ணுவது நடக்காத காரியம். நாலு பேர் தலா ஐந்தை எண்ணி "சரி" என்றால் பத்து விநாடியில் முடியும்.

6. வியாழன்: நியூரம்பெர்க் பழைய நகரம்

மியூனிக்கிலிருந்து 9 மணிக்குப் பிறகு வரும் முதல் பிராந்திய விரைவு ரயிலைப் பிடியுங்கள். இங்கோல்ஸ்டாட் வழியாக நியூரம்பெர்க்குக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். பையை நிலையத்து லாக்கரில் போட்டுவிட்டு நேரே ஊருக்குள் நடங்கள். விடுதிக்கு முதலில் போனால் அறை தயாராக இருக்காது, பன்னிரண்டு மணியும் தவறிவிடும்.

பன்னிரண்டு மணிக்கு என்ன? ஹாப்ட்மார்க்ட் சதுக்கத்தில் ஃபிராவன்கிர்ச்சே தேவாலயத்தின் முகப்புக் கடிகாரத்தில் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு தேர்வு மன்னர்களின் பொம்மைகள் அவரைச் சுற்றிவரும். தினமும் நண்பகலில் ஒருமுறைதான். 11.50க்குச் சதுக்கத்தில் நில்லுங்கள், தேவாலயத்தை ஒட்டி நிற்காமல் தள்ளி நில்லுங்கள், அப்போதுதான் மேலே தெரியும். வழியில் சங்க்ட் லோரென்ஸ் தேவாலயத்தையும், பெக்னிட்ஸ் ஆற்றின் மேல் நிற்கும் ஹைலிக்-கைஸ்ட் மருத்துவமனைக் கட்டடத்தையும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்துவிடலாம்.

அங்கிருந்து சங்க்ட் செபால்ட் தேவாலயம், ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வீடு, கோட்டை என்று மேலே ஏறுங்கள். வழி நெடுக ஏற்றம்தான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

கைசர்புர்க் கோட்டை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாலை 6 வரை, குளிர்காலத்தில் 4 வரை. நேரம் குறைவாக இருந்தால் அரண்மனை அறைகளை விட்டாலும், ஆழ்கிணற்றை விடாதீர்கள். பாறையில் சுமார் 50 மீட்டர் குடைந்தது. வழிகாட்டி ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுவார். ஊற்றிய பிறகு எல்லோரும் பேசாமல் நிற்பார்கள். 'மறந்துட்டாரோ' என்று தோன்றும் நேரத்தில் அடியிலிருந்து சத்தம் வரும். பிறகு மெழுகுவர்த்தி வைத்த தட்டைக் கயிற்றில் இறக்குவார்கள், வெளிச்சம் ஒரு புள்ளியாகச் சுருங்கும் வரை. கிணற்று அறை சின்னது. இருபது பேரும் ஒரே முறையில் நுழைய முடியாமல் போகலாம், சீட்டு வாங்கும்போதே நேரம் கேட்டு இரண்டாகப் பிரியுங்கள்.

ஒன்றை மாணவர்களிடம் முன்பே சொல்லுங்கள்: 1945 ஜனவரி 2 இரவுக் குண்டுவீச்சில் இந்தப் பழைய நகரத்தின் பெரும்பகுதி இடிந்து, மீண்டும் கட்டப்பட்டது. தெரிந்துகொண்டு சுவர்களைப் பார்த்தால், கறுத்த பழைய கல்லும் வெளிறிய புதிய கல்லும் சேரும் கோடு கண்ணில் படும்.

7. வெள்ளி: நியூரம்பெர்க்கின் இருபதாம் நூற்றாண்டு

இரண்டு இடங்கள், இந்த வரிசையில்.

காலையில் யூ1 சுரங்க ரயிலில் பேரன்ஷான்ஸே நிலையம். அங்கே நீதிமன்ற வளாகத்தில் 600ஆம் எண் கூடம். 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை நாஜித் தலைவர்கள் விசாரிக்கப்பட்ட அறை. மேல்தளத்தில் அருங்காட்சியகம். இரண்டு மணி நேரம் வேண்டும். குழுவாக வருவதை முன்பே எழுதித் தெரிவியுங்கள்.

மதியத்துக்கு மேல் எஸ்-பானில் டுட்சன்டைக். ஏரியைச் சுற்றி நாஜிக் கட்சி மாநாட்டு வளாகம் பரந்து கிடக்கிறது. ஸெப்பெலின் மேடை திறந்த வெளி, கட்டணம் இல்லை. விசாரணைக் கூடத்தை முதலில் வைத்ததற்குக் காரணம், மேடையை முதலில் பார்த்தால் அது வெறும் பிரம்மாண்டமாகத் தோன்றிவிடும்.

குழுத் தலைவர் இங்கே கண்டிப்பாக இருக்க வேண்டும். விளையாட்டுக்குக்கூட நாஜி வணக்கம் செய்து படம் எடுப்பது ஜெர்மன் குற்றவியல் சட்டப் பிரிவு 86ஏயின்படி தண்டனைக்குரியது. மாணவர் விசாவில் இருப்பவருக்குப் போலீஸ் வழக்கு என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. நம் கோயில்களிலும் வீட்டு வாசல்களிலும் உள்ள ஸ்வஸ்திகாவை டாலராக அணிந்திருப்பவர்கள் அன்று அதைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளட்டும், இன்னும் நல்லது விடுதியில் விட்டுவரட்டும். பொருள் வேறு என்று தெரியாதவர்களிடம் தெருவில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

8. சனி: ரோதன்புர்க்

செயலியில் ஊர்ப் பெயரை முழுதாக, 'ரோதன்புர்க் ஓப் டெர் டவ்பர்' என்று தேர்ந்தெடுங்கள். நெக்கர் ஆற்றங்கரையில் ஒரு ரொட்டன்புர்க், லாபர் கரையில் இன்னொரு ரொட்டன்புர்க், போலந்து எல்லையில் வேறொரு ரோதன்புர்க் இருக்கின்றன. தவறான ஊருக்கு வழி பார்த்துவிட்டு, "ஏன் அஞ்சு மணி நேரம் காட்டுது?" என்று குழம்புவது வாடிக்கை.

நியூரம்பெர்க்கிலிருந்து ஆன்ஸ்பாக், ஸ்டைனாக் என்று பொதுவாக இரண்டு இடத்தில் மாற வேண்டியிருக்கும். மாறும் நேரம் சில நிமிடங்கள்தான். இறங்குமுன் எல்லோரும் கதவருகே வந்துவிட வேண்டும், கழிப்பறை ரயிலிலேயே. ஸ்டைனாக்கிலிருந்து ரோதன்புர்க் கிளைப்பாதை மணிக்கொரு ரயில் கணக்கில்தான். ஒன்று போனால் சின்ன நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியதுதான்.

ஏழு மணி ரயிலைப் பிடியுங்கள். பத்துக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கும். அதற்குப் பிறகு, எல்லோரும் படம் எடுக்கும் பிளோன்லைன் முக்கில் ஆளில்லாத படம் கிடைக்காது.

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ரோடர் வாசல். உள்ளே நுழைந்ததும் கடைத் தெருவுக்குப் போகாமல் படியேறி மதில்மேல் போய்விடுங்கள். கட்டணம் இல்லை. கூரை போட்ட நடைபாதை, சில இடங்களில் தாழ்வான உத்தரம், உயரமானவர்கள் தலையை இடித்துக்கொள்வார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க வேண்டும். அதனால் ஐந்தைந்தாக, இடைவெளி விட்டு அனுப்புங்கள். 1945 மார்ச் குண்டுவீச்சுக்குப் பிறகு மதிலை மீட்டுக் கட்ட உலகெங்கும் நன்கொடை வாங்கினார்கள். கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறித்துச் சுவரில் பதித்திருக்கிறார்கள். ஜப்பானியப் பெயர்களும் கண்ணில் படும்.

மதியம் சங்க்ட் யாகோப் தேவாலயத்தில் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய மரப் பலிபீடம். வாசலில் சிறு கட்டணம் உண்டு. அது மாடத்தின்மேல் இருப்பதால் படி தேடாமல் கீழேயே சுற்றிவிட்டுத் திரும்புபவர்கள் பலர்.

கடைகளில் ஷ்னீபாலன் என்று உருண்டைப் பலகாரம் அடுக்கியிருக்கும். ஆளுக்கொன்று வாங்க வேண்டாம், ஐந்து பேருக்கு ஒன்று. வறட்டு மாவு, பார்க்கும் அழகு நாக்குக்கு வராது.

9. ஞாயிறு: பாம்பெர்க், அப்படியே வீடு

காலையில் விடுதியைக் காலி செய்து, பையை நியூரம்பெர்க் நிலைய லாக்கரில் வையுங்கள். மியூனிக் திரும்பும் வழியில் எப்படியும் இங்கே மாற வேண்டும். விரைவு ரயிலில் பாம்பெர்க் முக்கால் மணி நேரம். எஸ்-பான் எல்லா நிறுத்தத்திலும் நின்று போகும்.

ஞாயிறு காலை கதீட்ரலில் வழிபாடு. அந்நேரம் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். அதனால் ஆற்றிலிருந்து தொடங்குங்கள். கையர்ஸ்வோர்த் நடைபாலத்தில் நின்றால் ரெக்னிட்ஸ் ஆற்றின் நடுவில் நிற்கும் பழைய நகர்மன்றம் முழுதாகத் தெரியும். பிறகு அதன் அருகே போய் ஓவியச் சுவரைக் கூர்ந்து பாருங்கள். தேவதைக் குழந்தை ஒன்றின் உடல் ஓவியமாகவும், கால் மட்டும் சிற்பமாகச் சுவரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும். சொல்லாவிட்டால் இருபதில் பதினெட்டுப் பேர் கவனிக்க மாட்டார்கள்.

மதியத்துக்கு மேல் கதீட்ரல்: பாம்பெர்க் குதிரைவீரன் சிலை, பேரரசர் இரண்டாம் ஹைன்ரிக், அவர் மனைவி குனிகுண்டே கல்லறை, போப் இரண்டாம் கிளமென்ட் கல்லறை. எதிரே நோய்யே ரெசிடென்ஸ் மாளிகையின் ரோஜாத் தோட்டம். அங்கிருந்து ஊரின் சிவப்புக் கூரைகள் தெரியும்.

ஷ்லென்கெர்லா என்ற பீர் விடுதியின் புகைவாடை பீர் கேட்பவர்கள் இருப்பார்கள். முதல் குவளையை இருவர் பகிரட்டும். கருவாட்டு வாடை என்று சிலர் அப்படியே வைத்துவிடுவார்கள்.

பாம்பெர்க்குக்குப் பதில் ரேகன்ஸ்புர்க் போகலாமா என்றால், போகலாம். ஞாயிறு காலை கதீட்ரலில் சிறுவர் பாடகர் குழுவைக் கேட்கும் வாய்ப்பு உண்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்பாலமும் இருக்கிறது. மியூனிக்குக்கு நேர் ரயிலும் உண்டு, ஆனால் பையை அங்கேயே தூக்கிப் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள்.

10. சாப்பாடு

இருபது பேர் முன்பதிவில்லாமல் உணவகத்தில் நுழைந்தால் இடம் இருக்காது. ஒரு நாள் இரவு மட்டும் சேர்ந்து சாப்பிட முன்பதிவு செய்யுங்கள், மற்ற வேளைகளில் ஐந்தைந்தாகப் பிரியுங்கள். சின்ன ஊர்களில் மதியம் இரண்டுக்கு மேல் அடுப்பை அணைத்து ஐந்துக்குத்தான் மறுபடி ஏற்றும் உணவகங்கள் உண்டு.

பில் வரும்போது சேர்த்தா தனித்தனியா என்று கேட்பார்கள். தனித்தனி என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சைவர்கள் கவனிக்க: உருளைக்கிழங்கு சூப்பில் பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கலாம், சிவப்பு முட்டைக்கோஸைப் பன்றி நெய்யில் வதக்குவது உண்டு, மவுல்டாஷன் என்ற பூரணம் வைத்த மாவுப் பண்டத்தில் வழக்கமாக இறைச்சி. "இறைச்சி இல்லை" என்று கேட்டால் போதாது, 'ஓனே ஷ்பெக்' (பன்றிக்கொழுப்பு இல்லாமல்) என்றும் சேர்த்துக் கேளுங்கள். கேஸ்ஷ்பெட்சலே என்ற சீஸ் நூடுல்ஸ் பெரும்பாலும் கை கொடுக்கும், ஆனால் அதில் முட்டை உண்டு. ஞாயிறு காலைக்கான ரொட்டி, பழம், தண்ணீரைச் சனிக்கிழமையே கடையில் வாங்கிவிடுங்கள். மறந்தால் நிலையத்துக்குள் இருக்கும் கடைதான், விலையும் அதற்கேற்ப.

11. ரயில் தாமதமானால், பிரிந்தால்

ரயில் தாமதம் என்றதும் "அப்ப ஐசிஇல ஏறிக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். பையர்ன் டிக்கெட், டாய்ச்லாண்ட் டிக்கெட் போன்ற சலுகைச் சீட்டுகளுக்கு அந்த உரிமை கிடையாது. அடுத்த பிராந்திய ரயில்தான். அதனால் எந்தத் திரும்பும் பயணத்தையும் கடைசி ரயிலில் வைக்காமல், அதற்கு முந்தைய ரயிலுக்குத் திட்டமிடுங்கள்.

பவேரியாவில் சில பிராந்திய ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும். ஏறும்போது நடைமேடைப் பலகையைப் பார்த்தால் போதாது, பெட்டியின் பக்கவாட்டில் எரியும் ஊர்ப் பெயரையும் பாருங்கள்.

வார இறுதியில் தண்டவாள வேலை இருந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். அது நிலைய வாசலில் நிற்காமல் பக்கத்துத் தெருவில் நிற்பதும் உண்டு. முந்தைய நாள் இரவு செயலியில் பாருங்கள்.

யாராவது தவறிவிட்டால்: தவறியவர் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும், குழு அடுத்த நிலையத்தில் இறங்கிக் காத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் தேடிக் கிளம்பினால் அன்றைய நாள் முடிந்தது. குழு டிக்கெட்டில் இருப்பவர் தனியாக மாட்டிக்கொண்டால் அவரிடம் செல்லுபடியாகும் சீட்டு இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த ரயிலில் ஏறுமுன் தனிச் சீட்டு வாங்கச் சொல்லுங்கள், அந்தத் தொகையைப் பொதுப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம்.